டவுன்லோட் எந்த இடத்தில் நின்றது?

பெங்களூர் அல்சூரில் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் பத்து நிமிடம் நின்றால் போதும், "டவுன்லோட் ஆக மாட்டேங்குதுங்க" என்ற பேச்சு காதில் விழும். ஒருவருக்கு ஊரில் உள்ள நிலத்தின் பட்டா தமிழ்நாட்டுத் தளத்திலிருந்து இறங்கவில்லை. இன்னொருவர் பிள்ளையின் ஸ்கூல் அட்மிஷனுக்காக எடுத்த வருமானச் சான்று இறங்கிவிட்டது, ஆனால் திறக்கவில்லை. மூன்றாமவரின் ஆதார் ஃபைல் நல்லபடியாகவே இருக்கிறது, பாஸ்வேர்ட்தான் ஏற்கவில்லை. மூவரும் சொல்வது ஒரே வாக்கியம். கோளாறுகள் மூன்றும் வேறு. முதலாமவருக்குக் கைகொடுத்த வழி மூன்றாமவருக்கு உதவவே உதவாது.

"கேஷ் கிளியர் பண்ணுங்க, வேற பிரவுசர்ல பாருங்க" என்ற பொதுவான யோசனை பல நேரம் பலிக்காமல் போவது இதனால்தான். எந்த இடத்தில் நின்றது என்று தெரிந்துகொண்டு கை வைத்தால், பெரும்பாலான கோளாறுகளை ஐந்து நிமிடத்துக்குள் சரிசெய்துவிடலாம்.

ஒரு ஃபைல் எப்படி இறங்குகிறது

டவுன்லோட் பட்டனை அழுத்தியதும், உங்கள் பிரவுசர் அந்தத் தளத்தின் சர்வரிடம், அதாவது தளத்தை நடத்தும் கம்ப்யூட்டரிடம், ஃபைலைக் கேட்கிறது. சர்வர் எடுத்த எடுப்பில் ஃபைலை அனுப்புவதில்லை. முதலில் ஒரு குறிப்பு வரும்: மூன்று இலக்கத்தில் ஒரு பதில் எண், ஃபைல் என்ன வகை, மொத்தம் எவ்வளவு பெரியது, என்ன பெயரில் சேமிக்க வேண்டும். பதில் எண் 200 என்றால் ஃபைல் வருகிறது. 403 என்றால் உங்களுக்கு அனுமதி இல்லை. 404 என்றால் அந்த முகவரியில் ஃபைலே இல்லை. 500, 503 போன்றவை வந்தால் கோளாறு சர்வரிடம் இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரில் எதை மாற்றியும் பயன் இல்லை.

மொத்த அளவைச் சில சர்வர்கள் சொல்வதே இல்லை. அப்போது பிரவுசரால் எத்தனை சதவீதம் முடிந்தது, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று காட்ட முடியாது, வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். இதை "ஸ்டக்" என்று நினைத்துப் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். இறங்கிய எம்.பி கணக்கு ஏறிக்கொண்டே இருந்தால் அது நன்றாகத்தான் வேலை செய்கிறது, விட்டுவிடுங்கள்.

குறிப்புக்குப் பிறகு ஃபைல் துண்டு துண்டாக வந்து சேர்கிறது. அதைப் பிரவுசர் ஒரு தற்காலிகப் பெயரில் எழுதிக்கொண்டே போகும். குரோமிலும் எட்ஜிலும் பெயரின் வாலில் 'சிஆர்டவுன்லோட்' என்று இருக்கும், ஃபயர்ஃபாக்ஸில் 'பார்ட்', சஃபாரியில் 'டவுன்லோட்'. எல்லாத் துண்டுகளும் வந்து, பாதுகாப்புச் சோதனையும் முடிந்த பிறகுதான் சரியான பெயர் கிடைக்கும். ஃபோல்டரில் இப்படி வால் வைத்த ஃபைல் கிடந்தால், டவுன்லோட் முடியவில்லை என்று அர்த்தம். அந்த வாலை வெட்டிவிட்டு நீங்களாகவே பி.டி.எஃப் என்று பெயர் மாற்றினாலும் திறக்காது. பாதிப் பக்கங்கள் உள்ளே இல்லையே!

ஆக, கோரிக்கை போனதா, சர்வர் ஒப்புக்கொண்டதா, வழியில் அறுந்ததா, டிஸ்க்கில் எழுத முடிந்ததா, சோதனையில் மாட்டியதா என்று ஐந்து இடங்களில் பார்க்க வேண்டும். ஐந்தும் தாண்டி வந்த பிறகும் திறக்காவிட்டால், அது டவுன்லோட் கோளாறு அல்ல. ஃபைலைப் பற்றிய கேள்வி.

முதல் வேலை: கண்ட்ரோல் ஜே

பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். ஒவ்வொரு அழுத்தலும் சர்வருக்குப் புதிய கோரிக்கை. அடுத்தடுத்துக் கேட்டால் 429 என்ற பதிலைத் தந்து கொஞ்ச நேரம் உங்களை நிறுத்திவைக்கும் தளங்கள் உண்டு. அழுத்திய எல்லாமே இறங்கிவிட்டாலும் சிக்கல்தான்: ஒரே பெயரில் (1), (2), (3) என்று நாலு ஃபைல் சேர்ந்து, எது புதியது என்று தெரியாமல் பழைய ரசீதை பிரின்ட் எடுத்துக்கொண்டு போக நேரும்.

அதற்குப் பதிலாக கண்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு ஜே எழுத்தைத் தட்டுங்கள். விண்டோஸில் குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் டவுன்லோட் பட்டியல் வந்துவிடும். ஃபோன் குரோமில் மேலே வலது மூலையின் மூன்று புள்ளி, அதில் டவுன்லோட்ஸ். குரோம் முன்பு திரையின் அடியில் ஒரு பட்டையில் ஃபைலைக் காட்டும். 2023-ல் அதை எடுத்துவிட்டு மேலே வலப்பக்கம், முகவரிப் பட்டைக்குப் பக்கத்தில் ஒரு அம்புக்குறியாக மாற்றிவிட்டார்கள். இன்னும் அடியிலேயே பார்த்துவிட்டு "ஒண்ணும் வரலை" என்று சொல்கிறவர்கள் நிறைய. ஃபைல் மேலே இருக்கும்.

பட்டியலில் நீங்கள் கேட்ட ஃபைல் இருக்கிறதா, இல்லையா? மேற்கொண்டு எந்த வழியில் போவது என்பதை இந்த ஒரு கேள்வி முடிவு செய்துவிடும்.

பட்டியலிலேயே இல்லை என்றால்

பிரவுசர் ஃபைலை வாங்கத் தொடங்கவே இல்லை. நெட் வேகம், டிஸ்க், ஆன்ட்டிவைரஸ் எதையும் தேட வேண்டாம். இங்கே காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று.

முதலாவது பாப்-அப் தடை. அரசுத் தளங்களும் பேங்க் தளங்களும் சான்றிதழையும் ஸ்டேட்மென்ட்டையும் ஒரு புது ஜன்னலில் திறந்து தர முயலும். பிரவுசர் அதை விளம்பரம் என்று நினைத்துத் தடுத்துவிடும். குரோமில் முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில், சிவப்புக் குறி போட்ட ஒரு சின்ன ஜன்னல் படம் வந்திருக்கும். பலர் கவனிப்பதில்லை, அவ்வளவு சின்னது. அதைத் தட்டி, இந்தத் தளத்துக்கு எப்போதும் அனுமதி என்பதைத் தேர்ந்தெடுத்து, டவுன்லோட் பட்டனை மறுபடி ஒரே ஒரு முறை அழுத்துங்கள்.

இரண்டாவது காரணம் சத்தமே இல்லாதது, அதனால் கண்டுபிடிக்கக் கஷ்டமானது. ஒரு தளம் அடுத்தடுத்து இரண்டாவது ஃபைலைத் தர முயன்றால் குரோம் ஒரு கேள்வி கேட்கும்: இந்தத் தளம் பல ஃபைல்களை டவுன்லோட் செய்யப் பார்க்கிறது, விடலாமா? அவசரத்தில் 'பிளாக்' என்பதை ஒருமுறை தட்டிவிட்டால், குரோம் அதை அந்தத் தளத்துக்கான நிரந்தர விடையாக நினைவில் வைத்துக்கொள்ளும். ஆறு மாதச் சம்பளச் சீட்டை வரிசையாக எடுக்கும்போது முதல் மாதம் மட்டும் வந்து மற்றவை வராமல் போனால், காரணம் பெரும்பாலும் இதுதான். பட்டன் அழுந்தும், ஒன்றும் நடக்காது. செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் சைட் செட்டிங்ஸ், அதில் அடிஷனல் பெர்மிஷன்ஸ், அதற்குள் ஆட்டோமேட்டிக் டவுன்லோட்ஸ் என்று போங்கள். தடுக்கப்பட்ட தளங்களின் வரிசையில் உங்கள் தளம் இருந்தால் பக்கத்தில் உள்ள குப்பைத்தொட்டியைத் தட்டி எடுத்துவிடுங்கள். பக்கத்தைப் புதுப்பித்து மறுபடி முயன்றால் கேள்வி திரும்ப வரும். இந்த முறை அனுமதி கொடுங்கள்.

மூன்றாவது ஃபோனில் வருவது. ஃபேஸ்புக் போன்ற செயலிகளில் வந்த லிங்க்கைத் தட்டினால், சில செயலிகள் குரோமைத் திறக்காமல் தமக்குள்ளேயே ஒரு சின்ன பிரவுசரைத் திறக்கும். பார்க்க குரோம் போலவே இருக்கும். ஆண்ட்ராய்டில் இந்த உள் பிரவுசருக்குத் தானாக டவுன்லோட் செய்யத் தெரியாது. செயலியை உருவாக்கியவர்கள் அந்த வேலையைத் தனியாக எழுதிச் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்காத செயலியில் எத்தனை தடவை தட்டினாலும் ஃபைல் வராது. மேலே மூன்று புள்ளியைத் தட்டி 'ஓப்பன் இன் குரோம்' அல்லது 'ஓப்பன் இன் பிரவுசர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். லாகின் செய்யும் தளமாக இருந்தால் குரோமில் மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும். உள் பிரவுசரின் லாகின் அங்கே வராது.

இந்த மூன்றும் இல்லை என்றால், பிரவுசரில் நாம் சேர்த்த எக்ஸ்டென்ஷன் (துணைச் செயலி) ஏதாவது குறுக்கே நிற்கலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இன்காக்னிட்டோ ஜன்னல் வரும். அங்கே எக்ஸ்டென்ஷன்கள் வழக்கமாக ஓடாது. அதில் இறங்கினால், விளம்பரத் தடுப்பானையோ டவுன்லோட் மேனேஜரையோ ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

பட்டியலில் இருக்கிறது, ஆனால் எரர்

இங்கே குரோமே காரணத்தைச் சொல்லிவிடும். அந்த வரியைப் படிக்காமல் மூடிவிடுவதுதான் நாம் செய்யும் தவறு.

'நோ ஃபைல்' என்றால் ஃபைல் அங்கே இல்லை, லிங்க் பழசு. தளத்தின் முகப்பிலிருந்து மறுபடி தேடிப் போங்கள். 'டிஸ்க் ஃபுல்' சொல்லாமலே விளங்கும். 'பாத் டூ லாங்' என்பது விண்டோஸில் வரும்: டிரைவ், ஃபோல்டர்கள், ஃபைல் பெயர் எல்லாம் சேர்ந்த முழு முகவரி வழக்கமாக 260 எழுத்தைத் தாண்டக் கூடாது. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக அடுக்கி வைத்திருப்பவர்களுக்கு இது நேரும். நேராக டெஸ்க்டாப்பில் சேமித்தால் தீர்ந்தது.

'ஃபர்பிட்டன்' அல்லது 'நீட்ஸ் ஆதரைசேஷன்' என்றால் மேலே சொன்ன 403 வகை. லாகின் செய்து பத்து இருபது நிமிடம் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, பிறகு வந்து அழுத்தினால் இது வரும். பக்கம் திறந்தே இருக்கும், மேலே உங்கள் பெயர்கூட இருக்கும், ஆனால் சர்வர் பக்கத்தில் உங்கள் லாகின் முடிந்துபோயிருக்கும். லாக்-அவுட் செய்து, புதிதாக லாகின் செய்து, உடனே எடுங்கள். டவுன்லோட் லிங்க்கை காப்பி செய்து இன்னொருவருக்கு அனுப்பினால் அவருக்கு வராமல் போவதும் இதனாலேயே. அந்த லிங்க் உங்கள் லாகினோடு கட்டப்பட்டது.

பெங்களூரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: ஆபீஸ் லேப்டாப். வி.பி.என் (இணைப்பைக் கம்பெனியின் சர்வர் வழியாகச் சுற்றிவிடும் செயலி) ஓடிக்கொண்டிருக்கும்போது உங்கள் இணைப்பு அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருந்து வருவதுபோல் தளத்துக்குத் தெரியலாம். சில இந்திய அரசுத் தளங்கள் வெளிநாட்டு முகவரியை ஏற்பதில்லை. வி.பி.என்னை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அப்போதும் வராமல், குரோம் மெனுவின் அடியில் 'மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்' என்று இருந்தால், கம்பெனி விதியே டவுன்லோடைத் தடுத்திருக்கக்கூடும். அதைச் சுற்றிக்கொண்டு போகப் பார்க்காதீர்கள். சொந்தக் காரியத்துக்குச் சொந்த ஃபோன் போதும்.

'இன்செக்யூர் டவுன்லோட்' என்று தடுத்தால், தளத்தின் பக்கம் பாதுகாப்பான இணைப்பில் இருந்தும் ஃபைல் மட்டும் பழைய, பூட்டு இல்லாத இணைப்பில் வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். 2020-க்குப் பிறகு குரோம் இவற்றைப் படிப்படியாகத் தடுக்கத் தொடங்கியது. வழியில் யாரும் ஃபைலை மாற்றிவிட முடியும் என்பதால் இந்தத் தடை நியாயமானதே. தேர்வுப் பாடத்திட்டம் போன்ற ஒரு சாதாரண பி.டி.எஃப் என்றால் பக்கத்தில் உள்ள மெனுவில் 'கீப்' கொடுத்து எடுக்கலாம். இன்ஸ்டால் செய்யும் ஃபைல் என்றால் வேண்டாம்.

தளமே திறக்காமல் சான்றிதழ் கோளாறு, கடிகாரம் தவறு என்று சொன்னால், உண்மையிலேயே கடிகாரத்தைப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டின் பட்டன் பேட்டரி தீர்ந்துபோனால், ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தவறாக இருந்தால் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாகத் தெரியும். பேட்டரியின் எண் பெரும்பாலும் சி.ஆர் 2032, 3 வோல்ட், எஸ்.பி ரோட்டில் எந்தக் கம்ப்யூட்டர் கடையிலும் கிடைக்கும்.

பாதியில் நின்றால்

'நெட்வொர்க் எரர்' என்று பாதியில் நின்றால் இணைப்பு வழியில் அறுந்திருக்கிறது. கரென்ட் ஒரு நொடி போய் வந்தாலும் ரவுட்டர் அணைந்து மறுபடி எழ ஒன்றிரண்டு நிமிடம் எடுக்கும். அந்த இடைவெளி போதும். ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன யு.பி.எஸ் ஒன்றை வாங்கி வைத்தால் இந்தத் தொல்லை நின்றுவிடும். லேப்டாப்பின் மூடியைச் சாத்தினால் அது தூங்கப் போய்விடும், டவுன்லோடும் நிற்கும். ஃபோனில் பேட்டரி சேவர் பின்னணி வேலையை நிறுத்திவிடும்.

பட்டியலில் 'ரெஸ்யூம்' என்று இருந்தால் தட்டலாம். பிரவுசர் சர்வரிடம், இத்தனாவது பைட்டிலிருந்து கொடு என்று கேட்கும். சர்வருக்கு அது தெரிந்தால் 206 என்ற பதிலோடு விட்ட இடத்திலிருந்து தரும். பல சிறிய தளங்களின் சர்வர்களுக்கு இது அமைக்கப்பட்டிருக்காது. அப்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். 5 ஜி.பி ஃபைலில் 4.8 ஜி.பி-யில் நின்று முதலிலிருந்து தொடங்குவது கொடுமை. ஆகவே பெரிய ஃபைலை வைஃபையில் எடுக்காமல், ரவுட்டரிலிருந்து கேபிள் போட்டு எடுங்கள்.

நிற்கவில்லை, ஆனால் ஊர்கிறது என்றால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நெட் கம்பெனி சொல்லும் 40 எம்.பி.பி.எஸ் என்பது பிட் கணக்கு. பிரவுசர் காட்டும் எம்.பி என்பது பைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆக 40 எம்.பி.பி.எஸ் இணைப்பில் அதிகபட்சம் நொடிக்கு 5 எம்.பி. இரண்டு ஜி.பி ஃபைலுக்குக் கிட்டத்தட்ட ஏழு நிமிடம். நொடிக்கு 4, 4.5 எம்.பி காட்டினால் உங்கள் இணைப்பில் குறை எதுவும் இல்லை.

மொபைல் டேட்டாவில் கதை வேறு. பல பிரீபெய்டு திட்டங்களில் அன்றைய அளவு தீர்ந்ததும் இணைப்பு அறுந்துவிடாது. வேகம் 64 கே.பி.பி.எஸ் ஆகக் குறைந்துவிடும். அதாவது நொடிக்கு 8 கே.பி. பத்து எம்.பி பி.டி.எஃப் ஒன்றுக்கு இருபது நிமிடத்துக்கு மேல். வாட்ஸ்அப் எழுத்துச் செய்தி போகும், வரும். அதனால் நெட் நன்றாக இருக்கிறது என்று தோன்றும். டவுன்லோட் மட்டும் டைம்-அவுட் ஆகும். சாயந்திரத்துக்கு மேல் ஃபோனில் எதுவும் இறங்கவில்லை என்றால் முதலில் மீதி டேட்டாவைப் பாருங்கள்.

இறங்கிவிட்டது, திறக்கவில்லை

இப்போது ஃபைலின் அளவைப் பாருங்கள். விண்டோஸில் ஃபைல் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ். பத்துப் பக்க ஸ்டேட்மென்ட் வெறும் 2 கே.பி, 3 கே.பி என்று காட்டினால் உங்களுக்கு வந்தது ஸ்டேட்மென்ட் அல்ல. சர்வர் ஃபைலுக்குப் பதிலாக ஒரு வெப் பக்கத்தைக் கொடுத்திருக்கிறது: 'உங்கள் லாகின் முடிந்துவிட்டது' என்றோ 'கோளாறு' என்றோ எழுதிய பக்கம். பெயர் மட்டும் பி.டி.எஃப்.

இதை உறுதி செய்ய ஒரு எளிய வழி இருக்கிறது. அந்த ஃபைலை நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பாருங்கள். உண்மையான பி.டி.எஃப் ஒரு சதவீதக் குறியும், அதையடுத்து பி, டி, எஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும், ஒரு கோடும், பதிப்பு எண்ணுமாகத் தொடங்கும். ஸிப் ஃபைல் பி, கே என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். அது 1989-ல் ஸிப் வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயர் எழுத்துகள். வேர்டு, எக்ஸெல் ஃபைல்களின் இப்போதைய வடிவமும் உள்ளே ஸிப்தான் என்பதால் அவையும் இப்படியே தொடங்கும். இதற்குப் பதிலாகக் கோண அடைப்புக்குறியும் எச்.டி.எம்.எல் என்ற எழுத்துகளும் தெரிந்தால் வந்தது வெப் பக்கம். கீழே கொஞ்சம் படித்தால், என்ன கோளாறு என்ற செய்தியும் அதற்குள்ளேயே பெரும்பாலும் இருக்கும். பார்த்துவிட்டு, சேமிக்காமல் மூடிவிடுங்கள்.

பி.ஜி (பேயிங் கெஸ்ட்) விடுதியில் தங்கியிருப்பவர்களுக்கும், ஏர்போர்ட் வைஃபையில் எடுப்பவர்களுக்கும் இதே கோளாறு வேறு வழியில் வரலாம். அந்த வைஃபைகளில் ஃபோன் நம்பர், ஓ.டி.பி கொடுத்து உள்ளே போகிறோம் அல்லவா? நேரம் முடிந்ததும் நெட் அறுந்துவிடும். பூட்டு இல்லாத பழைய இணைப்பில் எதைக் கேட்டாலும் மறுபடி அந்த லாகின் பக்கமே வரும். அதையும் பிரவுசர் நீங்கள் கேட்ட ஃபைலின் பெயரிலேயே சேமித்துவிடக்கூடும். ஒரு புது டேபில் வேறு ஏதாவது தளத்தைத் திறந்து, நெட் உண்மையிலேயே இருக்கிறதா என்று உறுதி செய்துவிட்டு மறுபடி எடுங்கள்.

அளவு சரியாக இருந்து பாஸ்வேர்ட் கேட்டால், ஃபைலில் கோளாறு இல்லை. ஆதார் பி.டி.எஃப்-க்கு, ஆதாரில் உள்ளபடி பெயரின் முதல் நான்கு எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், அதோடு ஒட்டிப் பிறந்த வருடம் நான்கு இலக்கம். இனிஷியல் முன்னால் வைத்து எழுதும் நம்மவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ஆதாரில் 'பி. குமார்' என்று இருந்தால் முதல் நான்கு எழுத்து குமாரின் நான்கு எழுத்து அல்ல. பி, ஒரு புள்ளி, கே, யு: அந்தப் புள்ளியும் ஒரு எழுத்தாகக் கணக்கில் சேரும், இடைவெளி மட்டும் சேராது. பிறகு வருடம். பெயரே மூன்று எழுத்து என்றால் மூன்றும் வருடமும் போதும். இ-பான் ஃபைலுக்குப் பிறந்த தேதி, மாதம், வருடம் எட்டு இலக்கம். வருமான வரித் தளத்தில் எடுக்கும் ஏ.ஐ.எஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கைக்கு பான் எண் சின்ன எழுத்தில், அதோடு அதே எட்டு இலக்கத் தேதி.

ஆதார் திறந்த பிறகு கையொப்ப இடத்தில் கேள்விக்குறி தெரிந்தால் மறுபடி டவுன்லோட் செய்யத் தேவையில்லை. பிரவுசர்கள் பொதுவாக டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்ப்பதில்லை. அடோபி ரீடரில் திறந்து, கையொப்பத்தின் மேல் ரைட் கிளிக் செய்து சரிபார்த்துக்கொள்ளலாம்.

பெரிய ஸிப், ஐ.எஸ்.ஓ (விண்டோஸ் போன்றவற்றை இன்ஸ்டால் செய்ய உதவும் டிஸ்க் நகல்) போன்றவை அளவு சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால், வழியில் பைட் கெட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நல்ல தளங்கள் பக்கத்திலேயே எஸ்.எச்.ஏ 256 என்று, ஃபைலின் கைரேகை போன்ற 64 எழுத்துச் சரம் ஒன்றைக் கொடுத்திருக்கும். ஸிப் ஃபைல்களைத் திறக்கும் 7-ஸிப் செயலி இருந்தால் ஃபைல் மேல் ரைட் கிளிக் மெனுவிலேயே இதைக் கணக்கிடும் வசதி உண்டு. இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் அந்த ஃபைலை அழித்துவிட்டு மறுபடி எடுங்கள்.

இறங்கியது, எங்கே என்று தெரியவில்லை

பட்டியலில் ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் உள்ள ஃபோல்டர் படத்தைத் தட்டினால் அது இருக்கும் இடமே திறக்கும். ஆண்ட்ராய்டில் ஃபைல்ஸ் செயலியின் டவுன்லோட் ஃபோல்டர். ஐஃபோனில் ஃபைல்ஸ் செயலியில் டவுன்லோட்ஸ், அது ஐகிளவுடிலும் இருக்கலாம், ஃபோனிலும் இருக்கலாம். கம்ப்யூட்டரில் செட்டிங்ஸின் டவுன்லோட்ஸ் பகுதியில், ஒவ்வொரு ஃபைலையும் எங்கே சேமிப்பது என்று கேட்கும் வசதியைப் போட்டுவிடுங்கள். யாரோ ஒருமுறை பென் டிரைவைச் சேமிக்கும் இடமாக வைத்துவிட்டு உருவிக்கொண்டு போனதால் கோளாறாகும் கம்ப்யூட்டர்கள் கடைகளில் உண்டு.

பென் டிரைவ் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். ஃபேட் 32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் 4 ஜி.பி அளவுள்ள ஒரு ஃபைலை வைக்க முடியாது, 64 ஜி.பி காலி இருந்தாலும். விண்டோஸ் 11-இன் ஐ.எஸ்.ஓ 5 ஜி.பி-க்கு மேல் இருக்கும். உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு, எக்ஸ்-ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தால் சரியாகிவிடும்.

ஜெராக்ஸ் கடையில் டவுன்லோட் செய்தீர்கள் என்றால் வேலை பிரின்ட்டோடு முடிவதில்லை. உங்கள் ஆதார் அந்தக் கம்ப்யூட்டரின் டவுன்லோட் ஃபோல்டரில் கிடக்கும், உங்களுக்கு முன்னால் வந்த ஐம்பது பேரின் ஆதாரோடு. ஷிஃப்ட்டும் டெலீட்டும் சேர்த்து அழுத்தினால் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் அழியும். தளத்திலும் மெயிலிலும் லாக்-அவுட் செய்யுங்கள். முழு எண் தேவைப்படாத இடத்துக்கு, கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை எடுங்கள். அதே தளத்தில், டவுன்லோட் பட்டனுக்கு முன்னாலேயே அந்தத் தேர்வு இருக்கிறது.

பிரவுசர் தடுத்தால் எப்போது நம்புவது

சிவப்பு நிறத்தில் 'டேஞ்சரஸ்' என்று குரோம் தடுத்தாலோ, விண்டோஸ் டிஃபெண்டர் ஃபைலை எடுத்து ஒதுக்கி வைத்தாலோ, அவற்றை அணைத்துவிட்டு டவுன்லோட் செய்யச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள். இறங்கிய ஃபைல் தானாகக் காணாமல் போனால் விண்டோஸ் செக்யூரிட்டியின் புரொடெக்‌ஷன் ஹிஸ்டரியில் பாருங்கள், எதற்காக எடுத்தது என்று அங்கே எழுதியிருக்கும். அதே செக்யூரிட்டியில் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்ஸஸ்' போட்டிருந்தால், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் பிரவுசர் எழுதுவதை அது தடுக்கலாம்; அதற்கு வேறு ஃபோல்டரில் சேமித்தால் போதும், பாதுகாப்பை அணைக்க வேண்டியதில்லை.

ஃபோனில் ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். வாட்ஸ்அப்பில் ட்ராஃபிக் சலான், கல்யாணப் பத்திரிகை, பேங்க் கே.ஒய்.சி என்ற பெயர்களில் வரும் ஏ.பி.கே ஃபைல்கள். சலானும் பத்திரிகையும் படமாகவோ பி.டி.எஃப்-ஆகவோ வரும், ஏ.பி.கே என்பது ஒரு செயலி. அதை இன்ஸ்டால் செய்து, கேட்ட அனுமதியெல்லாம் கொடுத்தால், உங்கள் எஸ்.எம்.எஸ்-ஐப் படித்து ஓ.டி.பி-யை எடுத்துவிடும். தவறிப்போய் இன்ஸ்டால் செய்திருந்தால் உடனே ஃபோனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வீட்டில் வேறொருவர் ஃபோனிலிருந்து பேங்கைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற தேசிய உதவி எண்ணில் அப்போதே புகார் கொடுங்கள். நேரம் போகப் போகப் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும்.

எல்லாம் பார்த்தும் வரவில்லை என்றால்

ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்து ஒருமுறை முயலுங்கள். அங்கே இறங்கினால் வீட்டு வைஃபையிலோ நெட் கம்பெனியிலோ கோளாறு. ரவுட்டரை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போடுங்கள். ஹாட்ஸ்பாட்டிலும் அதே எரர், இன்னொரு பிரவுசரிலும் அதே எரர் என்றால் சர்வரில்தான். ரிசல்ட் வரும் நாளிலும் வரி கட்டக் கடைசி நாளிலும் இது வழக்கம். காலை ஆறு மணிக்கு முன்னால் முயன்றால் பெரும்பாலும் கிடைக்கும்.

தளத்தின் உதவி மையத்துக்கு எழுதுவதானால், "டவுன்லோட் ஆகவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். எரர் வரியை அப்படியே எழுதுங்கள், திரையின் படத்தை இணையுங்கள், முயன்ற தேதி, மணி, நிமிடம், பிரவுசர் பெயர், வந்த ஃபைலின் அளவு, உங்கள் விண்ணப்ப எண் எல்லாம் கொடுங்கள். பாஸ்வேர்டும் ஓ.டி.பி-யும் கேட்டாலும் கொடுக்காதீர்கள். சர்வரின் பதிவேட்டில் ஒவ்வொரு கோரிக்கையும் நேரத்தோடு பதிவாகியிருக்கும். நிமிடம் தெரிந்தால் உங்கள் கோரிக்கையைத் தேடி எடுத்து, அதற்கு என்ன பதில் எண் போனது என்று அவர்களால் பார்க்க முடியும்.